தலைப்பைக் குறுக்க ஒரு கருவி: ஃப்ரீபிளேன் மென்பொருள் குறித்து

கட்டுரை எழுதத் தொடங்குமுன் எண்ணங்களைத் திரட்டித் தருவதாகச் சொல்லும் மென்பொருள்கள் ஏராளமாக இருக்கின்றன. திரட்டியவற்றுள் எவற்றை விட்டுவிடலாம் என்று தீர்மானிக்கத் துணைசெய்பவை மிகக் குறைவு. எண்ணங்களை நடுவிலிருந்து விரியும் கிளைகளாக வரைந்து காட்டும் ஃப்ரீபிளேன் என்ற இலவச மனவரைபட மென்பொருளை நான் தொடர்ந்து பயன்படுத்துவதும், கல்லூரி மாணவர்களுக்குப் பரிந்துரைப்பதும் அந்த இரண்டாவது காரணத்துக்காகவே. அழகில் இதைவிடச் சிறந்தவை உண்டு. பழகுவதற்கு எளியவையும் உண்டு. ஆனால், அகன்று கிடக்கும் ஒரு தலைப்பை எழுதத்தக்க ஒரு கேள்வியாகக் குறுக்கும் வேலைக்கு நான் கையாண்ட கருவிகளுள் இதுவே ஏற்றது.

முதலில் மென்பொருளைப் பற்றிய அடிப்படைத் தகவல்கள். ஃப்ரீமைண்ட் என்னும் பழைய மனவரைபட மென்பொருளிலிருந்து கிளைத்து வளர்ந்தது ஃப்ரீபிளேன். ஃப்ரீமைண்டின் உருவாக்கத்தில் பங்கேற்ற திமித்ரி பொலிவாயெவ் இதன் முதன்மை உருவாக்குநர். ஜாவா மொழியில் எழுதப்பட்டிருப்பதால் விண்டோஸ், மேக், லினக்ஸ் ஆகிய மூன்றிலும் இயங்குகிறது. ஜிபிஎல் உரிமத்தில் வெளிவரும் திறமூல மென்பொருள் என்பதால் கட்டணமோ, பதிவுசெய்யும் கட்டாயமோ, வரைபடங்களின் எண்ணிக்கைக்கு வரம்போ இல்லை. இணையவழி மனவரைபடச் சேவைகள் பலவும் இலவசக் கணக்குக்குச் சில வரைபடங்களை மட்டும் அனுமதித்துவிட்டு அதற்குமேல் சந்தா கேட்கின்றன. மாணவருக்கு இது பெரிய தடை. ஃப்ரீபிளேன் கோப்பு நம் கணினியிலேயே இருக்கும். அது எக்ஸ்எம்எல் வடிவிலான உரைக்கோப்பு என்பதால், நாளை இந்த மென்பொருளே இல்லாமற்போனாலும் உள்ளே எழுதியவற்றை மீட்டெடுக்க முடியும்.

இனி, இந்தக் கருவி தீர்க்க வேண்டிய சிக்கலுக்கு வருவோம். நம் பள்ளிகளில் கட்டுரை வினா பெரும்பாலும் குறிப்புச் சட்டகத்தோடு வருகிறது. முன்னுரை, நடுவே நான்கைந்து உட்தலைப்புகள், முடிவுரை என எல்லாமே வினாத்தாளில் தரப்பட்டிருக்கும். மாணவர் நிரப்பினால் போதும். தலைப்பைத் தேர்வதும் குறுக்குவதும் கட்டுரையாளரின் வேலை என்பது அந்தப் பயிற்சியில் எங்குமே இடம்பெறுவதில்லை. அதே மாணவர் கல்லூரிக்கு வந்து, "விருப்பமான தலைப்பில் பருவக் கட்டுரை ஒன்று எழுதி வாருங்கள்" என்று கேட்கப்படும்போது, "தமிழகத்தின் நீர்நிலைகள்" என்று எழுதிக்கொண்டு வந்து நிற்கிறார். அந்தத் தலைப்பில் பத்துப் பக்கக் கட்டுரை எழுத முடியாது. பத்துத் தொகுதிகள் எழுதலாம். பத்துப் பக்கத்தில் எழுதினால், எல்லோரும் அறிந்தவற்றின் தொகுப்பாகவே அது முடியும்.

எனவே, இந்த மதிப்புரைக்காக அதே தலைப்பையே மென்பொருளில் இட்டுச் சோதித்தேன்.

புதிய வரைபடத்தைத் திறந்தால் நடுவில் ஒரே ஒரு கணு, அதாவது எண்ணத்தை எழுதும் பெட்டி, இருக்கும். அதில் "தமிழகத்தின் நீர்நிலைகள்" என்று எழுதியபின் டேப் விசையைத் தட்டினால் அதற்குக் கீழ்ப்பட்ட கணு பிறக்கிறது. என்டர் விசையைத் தட்டினால் அதே நிலையில் இன்னொரு கணு. இந்த இரண்டு விசைகளைக்கொண்டே முழு வரைபடத்தையும் வளர்த்துவிடலாம். சுட்டியைத் தொட வேண்டிய தேவையே இல்லை. கல்லணை, 1895இல் திறக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணை, 1934இல் முடிந்த மேட்டூர் அணை, காவிரி வழக்கில் 2018 பிப்ரவரியில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, 2015 டிசம்பர் சென்னை வெள்ளம், அடுத்த நான்காண்டுகளுக்குள் அதே சென்னைக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த 2019ஆம் ஆண்டு, கூவம், குடிமராமத்து, ஏரிகள், கோயில் குளங்கள், உத்திரமேரூர்க் கல்வெட்டு என்று நினைவுக்கு வந்தவை வந்த வரிசையிலேயே இறங்கிக்கொண்டிருந்தன. நிறம், வடிவம், எழுத்துரு என்று எதையும் இந்தக் கட்டத்தில் மென்பொருள் கேட்பதில்லை. பார்வைக்கு வறட்சியாகத் தெரிந்தாலும், எண்ணத்தைத் திரட்டும்போது அலங்காரத்துக்கு இடங்கொடுக்காத இந்த இயல்பை நான் குறையாகக் கருதவில்லை.

அமெரிக்க விளம்பர நிறுவனமான பிபிடிஓவில் பணியாற்றிய அலெக்ஸ் ஆஸ்பர்ன், எண்ணத் திரட்டலுக்கு வகுத்த விதிகளுள் முதன்மையானது, திரட்டும்போது தீர்ப்புச் சொல்லக்கூடாது என்பது. நல்லதோ கெட்டதோ, எண்ணிக்கை பெருகட்டும். எடைபோடுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார் அவர். தட்டச்சின் வேகத்துக்கு இணையாகக் கணுக்களை வளர்க்க முடியும்போது அந்த விதியைக் கடைப்பிடிப்பது இயல்பாகவே கைகூடுகிறது. ஆனால் ஒரு வரம்பைச் சொல்லியாக வேண்டும். கையை எடுக்காமல் பத்து நிமிடம் மனம்போன போக்கில் தொடர்ந்து எழுதுவதுதான் உங்களுக்கு ஒத்துவரும் முறையென்றால், ஃப்ரீபிளேன் அதற்கு உதவாது. கணு என்பது துண்டு. தொடர்ந்து ஓடும் எழுத்தை அது வெட்டிக்கொண்டேயிருக்கும். அத்தகையோர் முதலில் நோட்டிலோ உரைக்கோப்பிலோ எழுதி முடித்து, தேறிய வரிகளை நகலெடுத்து இதில் ஒட்டலாம். ஒட்டும் உரையின் ஒவ்வொரு வரியும் தனித்தனிக் கணுவாகிவிடும். வரிகளை உள்தள்ளி எழுதியிருந்தால் அந்தப் படிநிலையும் அப்படியே வந்துசேரும்.

மனவரைபடம் என்ற வடிவத்தை உலகெங்கும் பரப்பிய டோனி பூசான், ஒரு கிளைக்கு ஒரு சொல் போதும் என்றும், வண்ணங்களும் படங்களும் நிறைந்திருக்க வேண்டும் என்றும் வலியுறுத்தியவர். நினைவில் வைத்துக்கொள்வதற்கு அந்த முறை நல்லதாக இருக்கலாம். கட்டுரை எழுதுபவருக்கு அது போதாது என்பது என் கருத்து. "ஏரி" என்ற ஒற்றைச் சொல் எதையும் கேட்பதில்லை. ஆகவே எதையும் விலக்குவதும் இல்லை. "சோழர் காலத்தில் ஏரியைப் பராமரிக்கும் பொறுப்பு யாரிடம் இருந்தது?" என்ற வாக்கியம் கல்லணையையும் கூவத்தையும் மேட்டூரையும் உடனே விலக்கிவிடுகிறது. ஃப்ரீபிளேன் கணுவுக்குள் முழு வாக்கியத்தை, ஏன், ஒரு பத்தியையே எழுதலாம். கணுவோடு தனிக் குறிப்பு ஒன்றை இணைத்து, மேற்கோளையும் அது எடுக்கப்பட்ட நூலின் பக்க எண்ணையும் அங்கே வைத்துக்கொள்ளலாம். வரைபடத்தின் தோற்றம் கெடுகிறது என்று பூசானின் வழிவந்தோர் முகஞ்சுளிக்கக்கூடும். அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

இங்கிருந்துதான் மென்பொருளின் உண்மையான பலம் தொடங்குகிறது. முதலில் மடக்கும் வசதி. ஸ்பேஸ் பாரைத் தட்டினால் ஒரு கிளை தன் உட்கணுக்களை எல்லாம் உள்ளே இழுத்துக்கொள்ளும். நான் திரட்டியவற்றைக் காலம், இடம், ஆட்சி முறை, இன்றைய சிக்கல் என்று பிரித்து அடுக்கியபின், ஆட்சி முறை தவிர்த்த மற்றவற்றை மடக்கிவைத்தேன். அடுத்து, இந்த மதிப்புரையை எழுதத் தூண்டிய வசதி: எந்தக் கிளையையும் தற்காலிகமாக மூலக்கணுவாக்கி அதற்குள்ளேயே நுழைந்துவிடலாம். 'ஜம்ப் இன்' என்று பட்டியில் இருக்கிறது. "ஏரிப் பராமரிப்பு" என்ற கணுவில் நின்று அதைத் தேர்ந்தவுடன், திரையில் நீர்நிலைகளும் இல்லை, அணைகளும் இல்லை, சென்னை வெள்ளமும் இல்லை. ஏரிப் பராமரிப்பு நடுவில் வந்து அமர்கிறது. அதைச் சுற்றியிருப்பது வெறுமை. அந்த வெறுமை என்னை மறுபடி யோசிக்க வைத்தது. பெரிய வரைபடத்தின் ஓரத்தில் கிடந்தபோது மூன்று உட்கணுக்களே போதுமென்று தோன்றிய அதே பொருள், நடுவுக்கு வந்ததும் இன்னும் பத்துக் கேள்விகளைக் கேட்டது. அங்கிருந்து "ஏரி வாரியம்" என்ற, சோழர் கால ஊர்ச் சபையில் ஏரியைக் கவனித்த குழுவைப் பற்றிய கணுவுக்குள் நுழைந்தேன்; பிறகு உத்திரமேரூருக்குள். ஒவ்வொரு படியிலும் திரட்டல் புதிதாகத் தொடங்குகிறது. வெளியேறி வந்தால் பழைய வரைபடம் அப்படியே இருக்கும், எதுவும் அழிவதில்லை.

உத்திரமேரூரில் என்ன கிடைத்தது என்பதைச் சற்று விரிவாகச் சொன்னால்தான் இந்த வசதியின் மதிப்பு புரியும். காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ள அவ்வூர் வைகுண்டப் பெருமாள் கோயிலில் சோழ மன்னன் முதலாம் பராந்தகனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளைச் சேர்ந்த இரண்டு கல்வெட்டுகள், அதாவது 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை, சபையின் வாரியங்களுக்கு உறுப்பினரைக் குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கும் விதிகளைச் சொல்கின்றன. ஊரின் பிரிவுகளான 30 குடும்புகள், அவற்றிலிருந்து ஆண்டு வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர். முந்தைய கல்வெட்டில் வயது வரம்பு 30 முதல் 60 வரை. பிந்தையதில் 35 முதல் 70 வரை. பள்ளிப் பாடத்தில் நாம் எல்லோரும் படித்த செய்தி குடவோலையோடு நின்றுவிடுகிறது. இரண்டு கல்வெட்டுகளையும் இரு கிளைகளாக எதிரெதிரே வைத்து, விதிகளை வரிசையாகக் கணுக்களில் எழுதியபோதுதான், இரண்டே ஆண்டுகளில் விதிகளைத் திருத்தவேண்டிய தேவை ஏன் வந்தது என்ற கேள்வி எழுந்தது. கீழ்வரம்பு உயர்ந்திருப்பதைப் பார்த்து, விதிகளை இறுக்கினார்கள் என்று முடிவுகட்டத் தோன்றும். மேல்வரம்பும் உயர்ந்திருப்பதால் அந்த எளிய விடை நிற்காது. இரண்டு முறையும் அரசனின் ஆணைப்படி அதிகாரி ஒருவர் உடனிருந்ததாகக் கல்வெட்டே சொல்வதால், இது சபையின் தன்விருப்பமா, அரசின் தலையீடா என்ற விவாதத்துக்கும் இடமிருக்கிறது. "தமிழகத்தின் நீர்நிலைகள்" என்பதிலிருந்து "919க்கும் 921க்கும் இடையே உத்திரமேரூர்ச் சபையின் வாரிய விதிகள் ஏன் மாறின?" என்பதற்கு வந்துசேர்ந்த கட்டுரையைப் பத்துப் பக்கத்தில் எழுத முடியும், படிப்பவரும் விழித்திருப்பார்.

கேள்வியை மென்பொருள் கண்டுபிடித்துத் தரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கல்வெட்டின் செய்திகளை முன்பே படித்திராதவருக்கு அந்த இரு கிளைகளும் வெறுமையாகவே இருந்திருக்கும். எண்ணத் திரட்டலைப் படிப்புக்கு மாற்றாகக் கருதும் மாணவர்களை நிறையவே பார்க்கிறேன்.

அந்த மயக்கத்தைப் போக்க உதவுவது வடிகட்டி. கணுக்களுக்குச் சிறு சின்னங்களை இடலாம்: ஆதாரம் கையில் இருப்பவற்றுக்கு ஒரு சின்னம், நானே எழுப்பிய கேள்விக்கு இன்னொன்று, எங்கோ கேட்ட செய்திக்கு மூன்றாவது. பிறகு, ஆதாரச் சின்னம் உள்ள கணுக்களை மட்டும் காட்டு என்று வடிகட்டியை இயக்கினால், மற்றவை மறைந்து, அவற்றின் தாய்க்கணுக்களோடு ஆதாரமுள்ளவை மட்டும் மிஞ்சும். செழித்துக் கிடந்த வரைபடம், கோடையில் வற்றிய ஏரியைப்போல, உள்ளே என்ன இருக்கிறதென்று காட்டிவிடும். என் நீர்நிலை வரைபடத்தில் குடிமராமத்துக் கிளை திரட்டும்போது மிகப் பெரிதாக வளர்ந்தது. 2017இல் தமிழக அரசு அந்தப் பெயரில் தொடங்கிய திட்டமும், பழைய கால ஊர்ப்பொதுப் பணியும், ஆங்கிலேயர் காலச் சட்டங்களும் அதில் இருந்தன. வடிகட்டியபோது அந்தக் கிளையில் ஒட்டிநின்றவை மிகச் சிலவே. பெரும்பகுதி என் அபிப்பிராயம். எந்தக் கிளை பெரிதோ அதுவே நல்ல தலைப்பு என்று நினைப்பது இயல்பு. வடிகட்டி அந்த நினைப்பை இரக்கமின்றிக் கலைக்கிறது. தலைப்பைக் குறுக்குவதற்கு இதைவிட நேர்மையான சோதனையை வேறெந்த மனவரைபட மென்பொருளிலும் இவ்வளவு எளிதாக நான் செய்ததில்லை.

குறுக்கும்போது விலக்கியவற்றை அழிக்க வேண்டாம் என்பது என் பரிந்துரை. "ஒதுக்கியவை" என்று ஒரு கிளையை ஓரத்தில் வைத்து, வெட்டியவற்றை அங்கே ஒட்டி மடக்கிவிடுங்கள். எழுதி முடித்தபின் அடுத்த பருவத்துக்கான தலைப்பு பெரும்பாலும் அதற்குள்தான் இருக்கும். அமெரிக்கக் கல்லூரிகளின் எழுத்துப் பயிற்சியில் 'கியூபிங்' என்றொரு முறை உண்டு. ஒரு பொருளை விவரித்தல், ஒப்பிடுதல், தொடர்புபடுத்துதல், பகுத்தல், பயன்படுத்துதல், ஆதரித்தோ எதிர்த்தோ வாதிடுதல் என ஆறு பக்கங்களிலிருந்தும் பார்க்கச் சொல்வது அது. இந்த ஆறையும் கிளைகளாகக் கொண்ட வார்ப்புருவை ஒருமுறை செய்து வைத்துக்கொண்டால், ஒவ்வொரு புதிய தலைப்புக்கும் அதையே திறந்து தொடங்கலாம். பள்ளிக்கூடக் குறிப்புச் சட்டகத்திலிருந்து இது வேறுபடுவது, விடைகளுக்குப் பதில் வினாக்களைத் தருவதால்.

குறைகளுக்கு வருகிறேன். தோற்றம் பழையது, பட்டிகளும் உட்பட்டிகளும் கணக்கின்றிக் குவிந்து கிடக்கின்றன. நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்கான வசதிகள், சூத்திரங்கள், பண்புக்கூறுகள் என்று கட்டுரையாளருக்குத் தேவையே படாத பலவும் முன்னால் வந்து நிற்பதால், முதன்முறை திறப்பவர் மிரண்டுபோய் மூடிவிடக்கூடும். கணுவை உருவாக்குதல், திருத்துதல், மடக்குதல், உள்நுழைதல், வடிகட்டுதல் ஆகிய ஐந்தைத் தவிர மற்ற எதையும் முதல் மாதத்தில் தொடாதீர்கள் என்றே நான் சொல்வது வழக்கம்.

இதைவிட ஆழமான குறை, மரவடிவம். ஒவ்வொரு கணுவுக்கும் ஒரு தாய்க்கணு என்பது இதன் அமைப்பு. 2015 வெள்ளத்தையும் 2019 வறட்சியையும் சேர்த்துப் பார்த்தால்தான் சென்னையின் ஏரிகள் குறித்து ஏதேனும் சொல்ல முடியும். ஆனால் ஒன்றை வெள்ளத்தின் கீழும் மற்றதை வறட்சியின் கீழும் வைத்தபின், அவற்றை இணைக்கும் எண்ணம் எங்கே போவது? இரண்டுக்கும் இடையே அம்புக்குறி இட்டு அதன்மேல் எழுதலாம். ஒரே கணுவின் படியை இரண்டு இடங்களில் வைத்து, ஒன்றைத் திருத்தினால் மற்றதும் திருந்தும்படி செய்யலாம். இரண்டுமே வேலை செய்கின்றன. ஆனாலும் அம்புகள் ஏழெட்டைத் தாண்டினால் திரை சிலந்திவலையாகிவிடுகிறது. எண்ணங்களுக்கிடையிலான உறவே முதன்மையாக உள்ள கட்டுரைகளுக்குப் பெரிய தாளும் பென்சிலும் இன்றும் மேல்.

கைப்பேசிக்கான அதிகாரபூர்வச் செயலி இல்லை. கணினி வாய்ப்பில்லாத மாணவர்களை இது முழுமையாக வெளியே நிறுத்திவிடுகிறது என்பதால், இதைச் சிறு குறையென்று என்னால் எழுத முடியவில்லை. பலர் ஒரே நேரத்தில் ஒரே வரைபடத்தில் எழுதும் வசதியும் கிடையாது. இதைப் பலர் பெரிய குறையாகச் சொல்கிறார்கள். நான் அவ்வளவு வருந்தவில்லை. 1958இல் யேல் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு, கூடியிருந்து எண்ணந்திரட்டிய நால்வர் குழுக்களைவிடத் தனித்தனியே யோசித்த நால்வரின் எண்ணங்களைத் தொகுத்தபோது அதிகம் கிடைத்ததைக் காட்டியது. ஆஸ்பர்னின் முறைக்கு விழுந்த முதல் பெரிய அடி அது. குழுவாகக் கட்டுரை எழுதுவோர் தனித்தனியே வரைபடம் வளர்த்து, பிறகு ஒருவர் மற்றவரது கிளைகளைத் தம் கோப்பில் ஒட்டிக்கொள்வதே நல்லது. அதற்கு இந்த மென்பொருள் இடங்கொடுக்கிறது.

வரைபடத்திலிருந்து வரைவுக்குப் போகும் வழி எளிமையானது. தேர்ந்த கிளையை நகலெடுத்துச் சொற்செயலியில் ஒட்டினால் உள்தள்ளிய வரிகளாக வந்துவிழும். அதையே சட்டகமாகக்கொண்டு எழுதத் தொடங்கலாம். படமாகவும் எச்டிஎம்எல் பக்கமாகவும் ஏற்றுமதி செய்யலாம். வழிகாட்டும் ஆசிரியரிடம் காட்டுவதற்குப் படமே வசதி.

குடிமைப் பணித் தேர்வுக்குத் தமிழில் எழுத ஆயத்தமாகும் நண்பர்களும் இதைப் பற்றிக் கேட்கிறார்கள். யுபிஎஸ்சி முதன்மைத் தேர்வின் கட்டுரைத்தாளில் மூன்று மணி நேரத்தில் இரண்டு கட்டுரைகள், ஒவ்வொன்றும் 1000 முதல் 1200 சொற்கள், மொத்தம் 250 மதிப்பெண். அங்கே தலைப்புகள் வேண்டுமென்றே அகலமாகவும் அருவமாகவும் தரப்படுகின்றன. எந்தக் கோணத்தில் குறுக்குகிறோம் என்பதிலேயே கட்டுரையின் தரம் பாதி தீர்ந்துவிடும். பயிற்சிக் காலத்தில் பழைய வினாத்தாள் தலைப்புகளை இந்த மென்பொருளில் விரித்துக் குறுக்கிப் பார்ப்பது பயன்தரும். ஆனால் தேர்வு அறையில் இருப்பது பேனாவும் விடைத்தாளும் மட்டுமே. ஆகையால், தேர்வு நெருங்கும் மாதங்களில் இதை மூடிவைத்துவிட்டு, கடிகாரத்தை முன்னால் வைத்துத் தாளிலேயே குறுக்கிப் பழகுவதுதான் சரி.

நிறுவும்போது, விண்டோஸ் பயன்படுத்துவோர் ஜாவாவையும் உள்ளடக்கிய நிறுவியைத் தேர்ந்தால் தனியாக எதையும் தேட வேண்டியதில்லை. கல்லூரிக் கணினியில் நிறுவ அனுமதி இல்லாதவர்கள் பென்டிரைவிலிருந்தே இயங்கும் பதிப்பை எடுத்துச்செல்லலாம். நான் ஆங்கில இடைமுகத்திலேயே பயன்படுத்துகிறேன். கணுக்களுக்குள் ஒருங்குறித் தமிழில் தட்டச்சு செய்கிறேன். சொந்தக் கணினியோ கல்லூரிக் கணினியோ கைக்கெட்டும் நிலையில் உள்ள, பருவக் கட்டுரை அல்லது ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடும் எவருக்கும் தயங்காமல் பரிந்துரைப்பேன். நண்பர்களுக்குக் காட்டி மகிழ வண்ணமயமான வரைபடம் வேண்டுவோர் வேறு மென்பொருளைப் பார்க்கலாம்.